திரையின் கீழே ஒரு வார்த்தை

விளக்கு எரிந்ததும் முதல் ஆளாக எழுந்தவர் அவளைத்தான் ஏசினார்.

அவளைத்தான் ஏசுகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

அந்தத் திரைப்படச் சங்கத்தில் அப்படி ஒரு வழக்கம். தமிழ் சப்டைட்டில் எழுதியது யார் என்று விவாதம் முடியும்வரை சொல்ல மாட்டார்கள். முகத்தைப் பார்த்து யாரும் பேச்சை மாற்றிவிடக் கூடாதாம். செயலாளருக்கு மட்டும் தெரியும்.

கோவில்பட்டியில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தின் மாடி. ஓர நாற்காலியில் அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

படம், பேர்பெற்ற ஓர் இயக்குநரின் கௌபாய் படம். தனக்குச் சேர வேண்டிய நிலத்தைக் கேட்டு ஒரு கறுப்பினத்தவன் குதிரையில் வருகிறான். பண்ணைக்காரன் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. படம் முழுக்க ஒரே வசைச்சொல்.

தமிழில் அந்த இடத்தில் அவள் ஒரு சாதியை ஏசும் சொல்லைப் போட்டிருந்தாள்.

திரையில் ஒருவன் குடல் சரிந்து விழுந்தபோதுகூட முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தவர்கள், அந்தச் சொல்லுக்கு முறுக்கைக் கீழே வைத்துவிட்டார்கள்.

எழுந்து ஏசியவர் கோமதிநாயகம். அந்த இயக்குநரை யாராவது குறை சொன்னால் சட்டையைப் பிடிக்கக்கூடியவர். இன்று இயக்குநரையே விட்டுக்கொடுத்தார். ஆங்கிலத்திலேயே அந்த வார்த்தை அளவுக்கு மீறிப்போய்விட்டது என்றார்.

வக்கீல் இஸ்ஹாக் விடவில்லை. அந்தக் காலத்து ஆட்களின் வாய் அது, அதைச் சோப்புப் போட்டுக் கழுவியா காட்டச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

இங்கிலீஷ்காரன் எதையோ பேசிவிட்டுப் போகட்டும், தமிழில் ஏன் இது என்றார் கோமதிநாயகம். எழுதியவன் வீட்டில் இந்த வார்த்தை தினமும் புழங்கும் போலிருக்கிறது என்றார். அந்தச் சாதியில் ஒருவர் இங்கே இருந்தால் அவர் மனம் என்ன பாடுபடும் என்று கேட்டுவிட்டு, கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

அப்படி யாரும் இல்லை என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

அவளுக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுத்ததே அவர்தான். நம்ம ஆளுங்கதான் என்று வீட்டுக்காரரிடம் அவராகவே சொன்னார். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த ஊரில் இதற்கு முன் பார்த்த வீடுகள் எல்லாம் ஒரே கேள்வியில் கைநழுவிப் போயிருந்தன.

அவளும் முதலில் அடிமை என்றுதான் எழுதிப் பார்த்தாள். கருவாயா என்று எழுதிப் பார்த்தாள். எதுவும் சுடவில்லை.

பிறகு, சின்ன வயதில் பள்ளிக்கூடத்துத் தோழியின் வீட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து காதில் விழுந்ததை எழுதினாள்.

சுட்டது.

இப்போது ஒரு மாடி முழுக்கச் சுட்டிருக்கிறது. அவளுக்குப் பெருமையாக இருந்தது. திட்டு வாங்கிக்கொண்டே ஒருத்திக்கு இவ்வளவு பெருமை வருமா என்று அவளுக்கே ஆச்சரியம்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். படத்தின் பிரதி நாளைக்கு சாத்தூர் போக வேண்டும், பிறகு சங்கரன்கோவில். வார்த்தையை மாற்றி அடிமைப்பயலே என்று போட்டுவிடலாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

பாதிக் கைகள் உயர்ந்தன.

அவள் எழுந்தாள். செயலாளர் உட்காரும்படி சைகை காட்டினார். அவள் உட்காரவில்லை. வீட்டுச் சாவி கைப்பைக்குள் இருந்தது. அதை நினைத்துக்கொண்டேதான் பேசினாள்.

"எழுதுனது நாந்தான் சார். எங்க வீட்ல அந்த வார்த்தை புழங்கல. எங்கள ஏசத்தான் புழங்குச்சு."



கோமதிநாயகம் அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பிறகு கும்பிட்டார். மன்னிக்க வேண்டும், தெரியாமல் பேசிவிட்டேன் என்றார். மனதாரத்தான் சொன்னார்.

சொல்லிவிட்டு, கும்பிட்ட கையைப் பிரித்து முன்னைவிட உயரத் தூக்கினார். உங்களுக்காகவே எடுத்துவிடுவோம் என்றார்.

மீதிக் கைகளும் உயர்ந்தன. இஸ்ஹாக்கின் கைகூட.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வந்தவளை இரக்கம் காட்டி உட்காரவைக்கப் பார்த்தார்கள். அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல மனிதர்கள்மேல் கோபப்படுவதும் எளிதாக இல்லை.

கடைசிக் காட்சியை இன்னொருமுறை போடச் சொன்னாள். கைகள் அப்படியே இருக்கட்டும் என்றும் சொன்னாள்.

விளக்கு அணைந்தது.

சேற்றில் பண்ணைக்காரன். தொடையில் குண்டு. நிலம் கையை விட்டுப் போயாகிவிட்டது. குதிரையில் வந்தவன் துப்பாக்கியை நீட்டி, தன் பெயரைச் சொல்லச் சொல்கிறான். ஒரே ஒரு முறை. சொன்னால் உயிர் மிஞ்சும்.

பண்ணைக்காரன் அந்த வசைச்சொல்லைத்தான் எடுக்கிறான்.

சொல்லி முடிப்பதற்குள் துப்பாக்கி வெடிக்கிறது.

முன்பு இந்த இடத்தில் மாடியே விசிலடித்தது. கீழே என்ன எழுதியிருந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. அவள் படத்தை நிறுத்தச் சொன்னாள்.

திரையின் கீழே அந்தச் சொல்லில் பாதிதான் இருந்தது. அதற்குமேல் அவள் எழுதவில்லை.

மீதியைத் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றாள்.

இருட்டில் நாற்காலிகள் நெளியும் சத்தம் கேட்டது. கைகள் இறங்கினவா என்று பார்க்க அவள் திரும்பவில்லை. நிமிர்ந்து நின்று, தான் எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீதி அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.