காரின் சத்தம்

"நீங்கள் கார் ஸ்டார்ட் பண்ணுற சத்தத்துக்கு மேல்வீட்டு மனுசி ஜன்னலால எட்டிப் பாக்குது. எங்களுக்கு இது மரியாதையோ?" என்றாள் என் மனைவி ஞானேஸ்வரி.

மரியாதை என்றதும் காரைத் திருத்த நான் மறுக்கவில்லை. நாங்கள் இருக்கும் ஓர்லிகோனில் என் குடும்பத்தைப் பற்றி யாரும் குறை சொல்ல விட்டதில்லை. எங்களை மீறிக் கலியாணம் கட்டிய மகளுக்கு லோசான் நகரில் குழந்தை பிறந்தபோதும், "அங்க ஒருத்தரும் போகப்படாது" என்று சொல்லிவிட்டேன்.

மெக்கானிக் குகதாசன் வந்து பழைய பெட்ரோல் பம்பைக் கழற்றினான்.

"எஞ்சின் சுத்தினாத்தான் இது பெட்ரோல் இழுக்கும், அண்ணை. அதுதான் காலமையில இவ்வளவு நேரம் கத்துது. எலெக்ட்ரிக் பம்ப் பூட்டினா, திறப்பைத் திருப்பின உடன ஸ்டார்ட்."

"சத்தம்?" என்று கேட்டாள் ஞானேஸ்வரி.

"ஒரு செருமல்தான், அக்கா."

அவள் அவனுக்கு இரண்டாம் முறையும் தேநீர் கொடுத்தாள்.

ஞாயிறு காலை பூசை முடித்துக் கோப்பி கேட்டேன். பதில் இல்லை. அவளைத் தேடிக் கீழே இறங்கும்போது மேல்வீட்டு மனுசி படியில் எதிர்ப்பட்டாள்.

"இனி என் கார் உங்களுக்குத் தொல்லை தராது" என்றேன், ஜெர்மனில்.

"என்ன தொல்லை? எனக்கு ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லையே" என்றாள் அவள். "உங்கள் மனைவி காரில் பேரனைப் பார்க்கப் போகிறாராம். பெட்டிகளை நான்தான் ஏற்றிக்கொடுத்தேன். வாழ்த்துகள்."

முன்பென்றால் கார் கிளம்பும் சத்தம் பூசையறை வரை கேட்டிருக்கும். இன்று என் மணிச் சத்தம் மட்டுமே எனக்குக் கேட்டிருந்தது.

"நன்றி" என்றேன். அயலவர் முன் வேறென்ன சொல்வது?