ஜன்னல் ஓர நாற்காலி

பொய் சொல்றதுக்குக்கூட ஒரு மேஜை நாற்காலி வேணும்!

வேலை போன மூணாவது நாளே நம்மாளுக்கு அது புரிஞ்சுபோச்சு.

இன்ஷூரன்ஸ் கம்பெனில க்ளெய்ம் சரிபார்க்கிற வேலை. ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டு, கை குடுத்து அனுப்பிட்டாங்க. வீட்ல மனைவிக்கு ஏழாவது மாசம். "டென்ஷனே கூடாது. பிரஷர் ஏறினா ஆபத்து"ன்னு டாக்டர் கறாரா சொல்லியிருக்கார். எப்படிச் சொல்றது?

சொல்லலை. வழக்கம்போல எட்டரைக்கு லேப்டாப் பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பினான்.

எங்க போறது? காபி கடையில ரெண்டு மணி நேரத்துக்கு மேல உட்கார்ந்தா மேஜையைத் துடைக்கிற சாக்குல நம்மளையும் சேர்த்துத் துடைக்கிறாங்க. ஏரியாவுல 'மேஜை வாடகைக்கு'ன்னு இருந்த இடமெல்லாம் தேடினான். ஒண்ணு ஜிம்முக்குக் கீழே. மேலே எடையைக் கீழே போட்டா இங்கே கீபோர்டு குதிக்குது. இன்னொண்ணு போட்டோவுல அரண்மனை, நேர்ல ரெண்டு நாற்காலி. மூணாவது இடத்துல, "கம்பெனி ஐடி காட்டுங்க சார்"ன்னாங்க.

வந்த வழியே திரும்பிட்டான்.

அன்னிக்குத்தான் லேப்டாப் பையோட பக்கத்து ஜிப்புல அந்த நோட்டீஸைப் பார்த்தான். 'அமைதியான இடம். மேஜை உண்டு. வரலாம்.' கீழே ஒரு விலாசம், வீட்டுலேர்ந்து மூணே ஸ்டாப்.

பஸ்ல யாராவது சொருகியிருப்பாங்க.

போனான். ஒரு வீட்டு மாடி. உள்ளே ஆறேழு பேர் தலையே நிமிராம டைப் அடிச்சுக்கிட்டிருந்தாங்க. மழை மாதிரி அந்தச் சத்தம் மட்டும்தான். நடத்துற அக்கா எழுந்து வந்தாங்க.

"வாங்க தம்பி. ஜன்னல் ஓரம் உங்க இடம். அங்க ஏசி கழுத்துல அடிக்காது."

கழுத்து வலியைப் பத்தி இவன் வாயே திறக்கலை.

"அட்வான்ஸ் எவ்வளவுக்கா?"

"அதெல்லாம் ஆச்சு. உட்காருங்க. டீயில அரை ஸ்பூன் சர்க்கரைதானே?"

இவன் பையை மார்போட அணைச்சுக்கிட்டான். "எப்படிக்கா தெரியும்?"

"மூஞ்சியில எழுதியிருக்கே!" அக்கா சிரிச்சுக்கிட்டே போயிட்டாங்க.

நாற்காலியில ஒரு குட்டித் தலகாணி. பச்சைத் துணியில மஞ்சள் இலை. எங்கேயோ பார்த்த துணி. எங்கேன்னுதான் பிடிபடலை.

நாளாக ஆக இன்னும் பயமா இருந்துச்சு. யாரோட போனும் அடிக்காது. யாரும் யாரையும் பார்க்க மாட்டாங்க. சாயங்காலம் அஞ்சரைக்கு எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்து, சத்தமில்லாம படியிறங்கிப் போவாங்க.

பதினோராவது நாள் மத்தியானம் கரண்ட் போச்சு.

ஃபேன் நின்னுச்சு. நெட் பெட்டியில பச்சை விளக்கு அணைஞ்சுச்சு. டைப் அடிக்கிற சத்தம் மட்டும் நிக்கவே இல்லை!

பக்கத்து மேஜை வழுக்கைத் தலை சார் ஹெட்செட்ல பேசிக்கிட்டே இருந்தார். "டார்கெட்டை முடிச்சிடலாம் சார்... நெக்ஸ்ட் வீக் கண்டிப்பா சார்..." அவரோட ஹெட்செட் வயர் எதுலயும் சொருகாம மேஜைக்குக் கீழே ஆடிக்கிட்டிருந்துச்சு.

இவன் மெதுவா எதிர்ப்பக்கம் திரும்பினான். கொண்டை போட்ட ஒரு அம்மா மும்முரமா டைப் அடிக்கிறாங்க. அவங்க லேப்டாப் திரை கன்னங்கரேல்னு இருந்துச்சு.

திரும்பி வழுக்கைத் தலை சார் பக்கம் குனிஞ்சான். "சார்... நெட்டே இல்லையே. யார்கிட்ட பேசறீங்க?"

அவர் மைக்கைக் கையால பொத்திக்கிட்டுத் திரும்பினார். "உனக்கு மட்டும் எங்கேர்ந்துப்பா மெயில் வருது?"

இவன் லேப்டாப்பை மெதுவா மூடினான்.

"எத்தனை நாளாச்சு?"

"வேலை போயா? ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு."

"எனக்கு எட்டு மாசம். வீட்ல மூச்சு விடலை. இங்க எல்லார் கதையும் அதேதான். வீட்ல யாருக்கும் தெரியாது."

"இந்த இடத்தை எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"அது ஒரு அதிசயம்ப்பா. குடையை விரிச்சேன். உள்ளேர்ந்து ஒரு நோட்டீஸ் விழுந்துச்சு."

கொண்டை அம்மா திரும்பாமலே சொன்னாங்க. "எனக்கு டிபன் பாக்ஸ் மூடியில ஒட்டியிருந்துச்சு."

இவனோட கை தானா பையோட பக்கத்து ஜிப்பைத் தடவிச்சு. அஞ்சரை வரைக்கும் உட்கார முடியலை. ரெண்டு ரெண்டு படியா இறங்கி ஓடினான்.

அந்த இடத்துக்கு இனிமே போறதில்லை. ஆனா வீட்ல என்ன சொல்றது? மூணு ஸ்டாப்பும் பஸ்ல ஒத்திகை பார்த்துக்கிட்டே வந்தான்.

மனைவி கதவைத் திறந்தா. ஒரு கையால இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால தண்ணி குடுத்தா.

"இன்னிக்கு ஆபீஸ்ல பயங்கர வேலைம்மா. தலை நிமிர முடியலை."

"பாவம். மத்தியானம் கரண்ட் வேற போயிடுச்சாமே. ரொம்பப் புழுங்குச்சா?"

டம்ளர் வாய்கிட்டயே நின்னுடுச்சு. இவன் போகிறதாச் சொன்ன ஆபீஸ் ஊரோட அந்தக் கோடியில இருக்கு.

அவளுக்குப் பின்னாடி ஹால் ஜன்னல். பச்சைத் துணியில மஞ்சள் இலை போட்ட திரை. கீழே ஒரு முழத்துக்கு வெட்டி, மடிச்சுத் தச்சிருந்துச்சு.

"எ... எப்பலேர்ந்து?"

"அந்த வெள்ளிக்கிழமையே உங்க மேனேஜர் போன் பண்ணி, பார்த்துக்கோம்மான்னார்." அவ மெல்லச் சோபாவுல உட்கார்ந்தா. "முதல்ல இதைச் சொல்லுங்க, தலகாணி முதுகுக்குச் சரியா இருக்கா? பத்தலைன்னா இன்னும் ரெண்டு ஜன்னல் பாக்கி இருக்கு."