அசையாதீங்க சார்

முகம் முழுக்க சோப்பு நுரையோடு சாய்ந்திருந்த வாடிக்கையாளர், போனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"என்ன சார் ஜோக்கு?" சலூன்காரர் சவரக்கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒருத்தன் ஷேவிங் வீடியோவா போட்டுத் தள்றான். கை மட்டும்தான் தெரியும். 'கை நடுங்குதே, போய்ப் புல்லு வெட்டுடா'ன்னு தினமும் ஒரு கமெண்ட் போட்டு விடுவேன்."

"பாவம் சார், மனசு கஷ்டப்படாதா?"

"பட்டா படட்டும். என் மூஞ்சி அவனுக்குத் தெரியவா போகுது?"

கத்தி தொண்டைக்கு வந்தது. அதைப் பிடித்திருந்த விரலில் பச்சைக்கல் மோதிரம். போனில் ஓடிய வீடியோவிலும் அதே மோதிரம்! வாடிக்கையாளரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அசையாதீங்க சார். இருபது வருஷமா இந்தக் கை நடுங்கினதே இல்ல. உங்க கமெண்டைப் படிச்சதிலேருந்துதான் நடுங்குது."