வெயில் ஏறினால்தான் கிளம்பும்

"பழைய வண்டிக்குத்தான்பா இப்ப கிராக்கி" என்றார் தரகர் பூவராகவன். "அந்தக் காலத்துத் தகடு, கனம். புது மாடலை நாலு வருசம் ஓட்டிட்டு வித்துப் பாரு, பாதி விலை தேறாது. உன் பிக்கப்புக்கு ஏழாயிரம் வாங்கித் தரேன்."

அரிசி மண்டி முனிரத்தினம் தலையைச் சொறிந்தார்.

"ஒரே ஒரு குறை இருக்குது. காலையில கிளம்பாது."

"இன்னாது?"

"ஏழு மணிக்கு ஷெட்டுலேர்ந்து மண்டிக்கு வர வேண்டிய வண்டி, ஒன்பதுக்குத்தான் வருது. ஓட்டல்காரனுங்க வேற மண்டிக்குப் போய்க்கினு இருக்கானுங்க. டிரைவர் யேசுதாஸைக் கேட்டா, இஞ்சின் சில்லுனு கெடக்குது, வெயில் ஏறினாத்தான் கிளம்பும்ங்கிறான்."

"வெளியில சொல்லிடாத. இரும்பு விலைக்குத்தான் போவும்."

முனிரத்தினம் சொல்வாரா என்ன? தினம் பெருமாளைச் சேவிக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர்தான். ஆனால் வியாபாரம் வேறு இல்லையா? புது வண்டிக்குப் பதிந்து வைத்திருந்தார். பழசு நல்ல விலைக்குப் போனால்தான் அதை எடுக்க முடியும்.

வாங்குகிறவர் வாலாஜாபாத் காய்கறி வியாபாரி சிட்டிபாபு. அவரைப் பதினொரு மணிக்கு, வெயில் நன்றாகக் காய்ந்த பிறகு மண்டிக்கு வரச் சொன்னார் முனிரத்தினம். அதற்கு முன் டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த ஆளு வண்டியைப் பத்திக் கேட்டா இன்னா சொல்லுவே?"

"வண்டியில ஒரு குறையும் இல்லன்னு சொல்லுவேன் முதலாளி."

"கெட்டிக்காரன்! அப்படியே சொல்லு."

யேசுதாஸ் அப்படியே சொன்னான். சிட்டிபாபு ஏழாயிரத்தை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து முனிரத்தினத்துக்குக் காலையில் காபி இறங்கவில்லை. 'இந்நேரம் கிளப்பிக் கிளப்பிப் பார்த்துக்கினு இருப்பான். நாளைக்கு வந்து சட்டையைப் பிடிப்பான்.' வாங்கிய பணமோ புது வண்டிக்குப் போய்விட்டது. திருப்பிக் கேட்டால் மனைவி கிருஷ்ணவேணியின் நகைதான் கதி.

புது வண்டி வந்தது. சாவியைக் கொடுக்கும்போதே யேசுதாஸிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

"ஏழு மணிக்கு மண்டியில நிக்கணும். குறுக்க எவன் இருந்தாலும் ஆரனை அடிச்சிக்கினு வந்து சேரு."

"சரிங்க முதலாளி."

முதல் நாள் ஒன்பது மணிக்கு வந்தான். இரண்டாம் நாளும் ஒன்பது மணி.

"புது இஞ்சின் இல்லீங்களா, இன்னும் பழகல முதலாளி. வெயில் ஏறினா..."

மூன்றாம் நாள் காலை ஏழரைக்கு மண்டி வாசலில் ஒரு ஆரன் கேட்டது. முனிரத்தினத்துக்குப் பழக்கமான ஆரன். எட்டிப் பார்த்தார். பழைய பிக்கப். உள்ளே சிட்டிபாபு.

முனிரத்தினம் அவசரமாகக் கையைக் கூப்பினார்.

"வாங்க, வாங்க... காபி சொல்லட்டுமா?"

"காபி கிடக்கட்டும்ணா. வண்டி விஷயமா வந்தேன்."

"இப்ப கையில பணம் இல்லப்பா. ஒரு மாசம் டைம் குடு..."

"பணமா? இதே மாதிரி பழைய வண்டி இன்னொண்ணு கிடைக்குமான்னு கேக்க வந்தேன். தம்பி ஒத்தக் கால்ல நிக்கிறான்."

"அப்ப... காலையில கிளம்புதா?"

"விடிகாலை அஞ்சு மணிக்கு ஒரே அழுத்துல கிளம்புதுண்ணா!"

அப்பாடா! நகை பிழைத்தது, மானமும் பிழைத்தது. முனிரத்தினம் நெஞ்சைத் தடவிக்கொண்டு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அங்கே அஞ்சு மணிக்குக் கிளம்புகிற வண்டி இங்கே ஏன் கிளம்பவில்லை? அப்படியானால் குறை வண்டியில் இல்லை. படுத்துத் தூங்கிவிட்டு வருகிறான், படவா!

"என்னை ஷெட்டாண்ட கொஞ்சம் விடுப்பா. இன்னிக்கே அவன் சீட்டைக் கிழிக்கிறேன்!"

ஷெட் இருந்தது நெசவுக்காரத் தெருவின் கடைக்கோடியில், வேறு வழியில்லாத முட்டில். வாடகை குறைவென்று அதைப் பிடித்த முனிரத்தினம், ஒரு மத்தியானம் போய்ப் பார்த்ததோடு சரி. இப்போது தெருமுனையிலேயே சிட்டிபாபு வண்டியை நிறுத்திவிட்டார்.

தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தறியில் ஏற்ற வேண்டிய பட்டுப் பாவு, நீள நீளமாக விரித்துக் கட்டியிருந்தது. ஆயிரக்கணக்கான இழைகள். இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணும் குனிந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கடைசியில் புது வண்டி. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் ஸ்பானரோடு யேசுதாஸ்.

பாவு பிடித்திருந்த அங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"முதலாளிங்களா? அந்தப் புள்ளையத் திட்டாதீங்க சாமி. பாவம், புது வண்டியும் காலையில கிளம்ப மாட்டேங்குதாம். முன்ன இருந்த டிரைவரு ஆரன் அடிச்சிக்கினு வருவாரு. ஒரு நாள் அவசரமா சுருட்டினதுல பாவு சிக்கி, எங்க ஒரு மாச வேலை பாழாப்போச்சு. இந்தப் புள்ள வந்த வேளை, வெயில் ஏறி நாங்க பாவைச் சுருட்டினப்புறந்தான் வண்டியே கிளம்புது!"

முனிரத்தினம் கட்டியிருந்த பாவைப் பார்த்தார், திறந்திருந்த பானெட்டைப் பார்த்தார்.

சிட்டிபாபு மெதுவாகக் கேட்டார். "இன்னாண்ணா, புது வண்டியில கோளாறா?"

அதற்குள் யேசுதாஸ் முதலாளியைப் பார்த்துவிட்டான். முகம் வெளுத்து, பானெட்டை அவசரமாக மூடிவிட்டு ஸ்டியரிங் பக்கம் ஓடினான்.

முனிரத்தினம் கையைத் தூக்கி, தெருவே கேட்கும்படி கத்தினார்.

"யேசுதாஸ், அவசரப்படாதபா! இஞ்சின் சில்லுனு கெடக்குது, வெயில் ஏறட்டும்!"