முடியும்வரை நிறுத்தக் கூடாது

"பயந்துட்டான் பாருங்க" என்றான் ஷிஹாம்.

யானை பயப்படவில்லை. காட்டோரத்திலிருந்து வெளியே வந்து, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, ஒரு காதை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தது. மற்றக் காது பாதியாகக் கிழிந்து தொங்கியது.

காவல் பரணில் மூன்று பேர். றமீஸா, அவள் கணவன் நுஹ்மான், அவள் தம்பி ஷிஹாம்.

நடுவில் சூட்கேஸ் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். இந்த வருடம் சக்கைபோடு போட்ட படத்தில் கதாநாயகன் காரைவிட்டு இறங்கும்போது வருகிற இசை, ஷிஹாமின் போனிலிருந்து அதில் அதிர்ந்துகொண்டிருந்தது.

கீழே, காட்டை வெட்டிப் பயிரிட்ட அவர்களுடைய சேனையில், ஆள் உயரத்துக்கு மேல் சோளம். கதிர் முறிப்பதற்கு நாளைக் காலையில் ஆட்கள் வருகிறார்கள். ஒரு போகத்து உழைப்பு முழுவதும் இந்த ஒரு மாலையைத் தாண்ட வேண்டும். அதற்காகத்தான் ஆண்கள் இருவரும் இன்று பரணைவிட்டு அசையாமல் இருந்தார்கள்.

"ட்ரம்ஸக் கேளுங்க மச்சான். இந்த அடிக்கு சிங்கமே ஓடும்."

"தகரத்த உருட்டுற மாதிரி ஈக்குது" என்றான் நுஹ்மான். "லக்கலப் பக்கத்துல எல்லாச் சேனையிலயும் இதத்தானே போடுறாங்க. யானைக்கே பாடமாப் போயிருக்கும்."

மச்சான்மார் இருவருக்கும் கலியாண வீட்டில் தொடங்கிய சண்டை இது. நுஹ்மானுக்குப் பழைய இசையமைப்பாளர். ஷிஹாமுக்குப் புதியவர். சாப்பாட்டிலும் சண்டை, களை பிடுங்கும்போதும் சண்டை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒற்றுமை. பெண்களுக்குப் பாட்டு வரிதான் விளங்கும், பின்னணி இசை விளங்காது.

நுஹ்மான் தன் போனை இணைத்தான். கூட்டமாக வயலின்கள் எழும்பின.

"இதுதான் இசை. கண்ண மூடிட்டுக் கேளு."

"கண்ண மூடினா நித்திரதான் வரும் மச்சான்."

யானை முன்னங்காலைத் தூக்கிக் கம்பியில் வைத்தது. கம்பம் கிறீச்சிட்டது.

வயலின்களை யாரும் கேட்கவில்லை. ஷிஹாம் பைக்குள் கைவிட்டுக் கடைசி யானை வெடியை எடுத்தான். லைட்டரைத் தட்டினான்.

றமீஸா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

வெடிக்குப் பயந்து ஓடுகிற யானையும் உண்டு, வெடி போட்டவனைத் தேடி வருகிற யானையும் உண்டு. போன மாதம் பக்கத்துச் சேனையில் வந்தது இரண்டாவது வகை. பயிரும் மிஞ்சவில்லை, பரணும் மிஞ்சவில்லை. காவலுக்கு இருந்தவர் இன்னும் ஆஸ்பத்திரியில்.

"வெச்சிடு" என்றாள்.

"வெளயாடாதீங்க ராத்தா. சோளம் போகப் போகுது."

"எனக்கும்தான் சோளம்."

லைட்டரை அவன் கையிலிருந்து பிடுங்கி இடுப்பில் செருகினாள். கணவனின் போனைத் துண்டித்துவிட்டுத் தன் போனை இணைத்தாள்.

வயலினைவிடக் கனத்த குரலில் ஒரேயொரு செல்லோ. அதுவும் அவசரமே இல்லாமல், தரையோடு தவழ்ந்து வந்தது.

ஷிஹாம் தலையில் கைவைத்தான். "ஒரு கெழமகூட ஓடாத படம் ராத்தா இது."

"படம் ஓடாததுக்கு இந்த இசை என்ன செய்யும்?"

"மையத்து வூடு மாதிரி ஈக்குது றமீஸா" என்றான் நுஹ்மான். "நிப்பாட்டு. ட்ரம்ஸயே போடுவோம்."

இத்தனை வருடத்தில் அவன் முதல்தடவையாக மச்சானின் கட்சிக்கு மாறியிருந்தான்.

அவன் ஸ்பீக்கரை நோக்கிக் கையை நீட்டினான். அவள் ஸ்பீக்கருக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"இதுல யாரும் கை வெக்க ஏலாது. வாயத் தெறக்கவும் வேணாம். இது முடியுற வரைக்கும் நான் எழும்ப மாட்டேன். யானை வந்து பரணத் தள்ளினாலும் எழும்ப மாட்டேன்."

அவள் குரல் உயரவில்லை. அதனாலேயே இருவரும் அடங்கினார்கள்.

திடீரென்று இசை நின்றது.

"போச்சு. முடிஞ்சி" என்று கிசுகிசுத்தான் ஷிஹாம்.

"முடியல்ல. மூச்சு விடுது. பொறு."

காட்டில் ஒரு பறவைகூடச் சத்தம் போடவில்லை. யானையின் கால் கம்பியிலேயே இருந்தது. ஆடிக்கொண்டிருந்த காது மட்டும் நின்றிருந்தது.

செல்லோ திரும்பி வந்தது. போனதைவிட மெலிதாக.

யானை காலை எடுத்துத் தரையில் வைத்தது. துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு நின்றது. கடைசிச் சுரம் தேய்ந்து மறையும்வரை நின்றது. பிறகு திரும்பி, வந்த வழியே காட்டுக்குள் போனது.

ஆண்கள் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

"என்ட வயலினுக்கே அவன் கலங்கிட்டான். காலெடுக்கத்தான் கொஞ்சம் சுணங்கிட்டு."

"சும்மா ஈங்க மச்சான். ராத்தா போட்ட இழவு தாங்காமத்தான் ஓடினான்."

சண்டை போட்டுக்கொண்டே வேலியைப் பார்க்க இறங்கினார்கள். றமீஸா போனைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மற்ற நாட்களில் அந்தி நேர மஃரிப் தொழுகைக்கு ஆண்கள் இருவரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். பரணில் அவள் மட்டும்தான். கிழிந்த காதுக்காரன் அந்த நேரத்தில்தான் வருவான். அவள் செல்லோவைப் போடுவாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முழுவதையும் கேட்பான், போய்விடுவான். ஒரு கதிரைத் தொட்டதில்லை.

ஒரே ஒரு நாள்தான் வேலியின் மூலைக் கம்பத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போனான். 'மூர்க்கம் பிடிச்ச மிருகம்' என்று திட்டிக்கொண்டே நுஹ்மானும் ஷிஹாமும் அதைத் திருப்பி நட்டார்கள்.

அவள் பக்கத்தில் நின்று மண் அணைத்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

அன்று அவளுடைய போனில் சார்ஜ் தீர்ந்து, செல்லோ பாதியிலேயே நின்றுபோயிருந்தது.