நாலு ஐந்து முதல் ஆறே கால் வரை

“அப்பா வீட்டுல இருந்தா ரெண்டு காயாவது நறுக்கிக் குடுக்கலாம். நாலு மணி ஆனா செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடறாராமே? எதிர் வீட்டுக்காரர் சொல்றார், மூணு வாரமா இதே கதைன்னு.”

“வயசானவர், போகட்டும் விடுங்க” என்றாள் மனைவி. அந்தக் குறை அவளுக்கும் உண்டு. சொன்னதில்லை.

கணவனுக்குத் துணிக்கடையில் வேலை. ஏழு நாளும் கடை உண்டு. எட்டு மணிக்குத்தான் வருவான். அவள் முதியோர் இல்லத்தில் விளையாட்டு நடத்துகிறவள். மூன்று மணிக்கே வந்துவிடுவாள். இப்போது மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடுகிறாள். ‘ஓய்வு நேரமும் பொழுதுபோக்கும்’ என்று ஒரு முதுகலைப் படிப்பு.

“பொழுதைப் போக்கறதுக்குப் பட்டமா? எங்க கடையில பாதிப் பேருக்கு நேரா டாக்டர் பட்டமே குடுக்கலாம்” என்று சிரித்தான் கணவன்.

விண்ணப்பத்தோடு இரண்டு கேட்டிருந்தார்கள். ஒன்று, நாலு பக்கக் கட்டுரை. இன்னொன்று, ஒருவர் தன் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார் என்று பதினாலு நாள் கவனித்து, நிமிஷக் கணக்கோடு எழுத வேண்டும். கடைசி நாளில் அவரிடம் விஷயத்தைச் சொல்லி, ‘இதை ஏன் செய்கிறீர்கள்?’ என்று கேட்டு, சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும்.

யாரைக் கவனிப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. வீட்டிலேயே ஓர் ஆள் இருக்கிறாரே!

முதல் நாள் மாமனார் கிளம்பியது 4:05. பின்னாலேயே போனாள். பூங்கா ஓரத்தில், பஸ் நிறுத்தத்தைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு நோட்டைத் திறந்தாள்.

சீட்டாடுகிறவர்கள் கூப்பிட்டார்கள், போகவில்லை. காலையிலேயே படித்து முடித்த செய்தித்தாளை விரித்தார். ஒரு பக்கம்கூடப் புரளவில்லை. கொட்டாவி ஒன்பது. கடிகாரம் பார்த்தது பதினொரு தடவை.

6:08க்கு எழுந்தார். அவள் குறுக்குச் சந்தில் ஓடி, முன்னால் வீடு சேர்ந்து, மூச்சு வாங்குவதை அடக்கிக்கொண்டாள். சரியாக 6:15க்கு வாசல் மணி அடித்தது. சாவி சட்டைப் பையில் இருந்தும் மணியடித்துவிட்டுத்தான் நின்றார். மொத்தம் 130 நிமிஷம்.

இரண்டாம் நாளும் 130. மூன்றாம் நாள் மழை. குடையைப் பிடித்துக்கொண்டு நிறுத்தத்தில் நின்றாரே தவிர வீட்டுக்கு வரவில்லை. அன்றும் 130.

அவளுக்குப் புரியவில்லை. ஓய்வாக இருக்கிறவர் நேரத்தை மறந்துவிடுவார் என்று புத்தகத்தில் இருக்கிறது. இவர் அதை மட்டும்தான் மறக்கவில்லை. யாரையாவது எதிர்பார்க்கிறாரோ? பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களை எல்லாம் அவளும் எண்ணிப் பார்த்தாள். ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

பதின்மூன்றாம் நாள் கணவன் கேட்டான்.

“கட்டுரை என்னாச்சு?”

“ஒரு வரிகூட எழுதலை. இந்தக் கணக்கு முடியட்டும்.”

“நாளன்னிக்குக் கடைசி நாள்! விட்டா ஒரு வருஷம் போயிடும்.”

பதினாலாம் நாள் 5:20க்கு அவள் பெஞ்சின் மறுகோடியில் போய் உட்கார்ந்தாள்.

“மாமா.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னம்மா? வீட்டுல ஏதாவது...”

“ஒண்ணும் இல்லை மாமா. இந்த இடம் உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமா?”

“இதுவா? ஆணி குத்துது. முன்னாடி பஸ் புகை, பின்னாடி கொசு. யாருக்கும்மா பிடிக்கும்?”

“அப்போ ஏன் தினமும் வர்றீங்க?”

அவர் செய்தித்தாளை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

“விண்ணப்பம் வந்த அன்னிக்கு உன் சிநேகிதிகிட்ட போன்ல சொன்னியே, ‘தினமும் ரெண்டு மணி நேரம் வீடு அமைதியா கிடைச்சா எழுதி முடிச்சிடுவேன்’னு. நம்மது ஒரு அறை வீடு. நான் இருந்தா டி.வி. ஓடும். காது மந்தம், சத்தமா வைக்கணும். நீயும் டீ, மாத்திரைன்னு எழுந்துக்கிட்டே இருப்பே.”

“காது மந்தம், இது மட்டும் கேட்டுதா?”

“வேண்டியது கேக்கும்.”

“நான் ரெண்டு மணி நேரம்தானே சொன்னேன்? நீங்க பத்து நிமிஷம் அதிகமா...”

“உக்காந்ததும் பேனாவைத் தேடுவியே, அதுக்குப் பத்து நிமிஷம்.” சொல்லிவிட்டு நிமிர்ந்தார். “உனக்கு எப்படிம்மா நிமிஷக் கணக்கு தெரியும்?”

அவள் நோட்டை நீட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

“கொட்டாவி ஒன்பதா? ஏழுதான் இருக்கும்.”

இன்னும் நாலு பக்கம் புரட்டியதும் விரல் நின்றது.

“இரு. இத்தனை நாளும் நீ இங்க நின்னேன்னா, வீட்டுல யாரு எழுதிக்கிட்டு இருந்தது?”

“யாரும் இல்லை மாமா. பூட்டித்தான் கிடந்தது.”

நோட்டுக்குள் செருகியிருந்த விண்ணப்பத்தை அவள் எடுத்தாள். விண்ணப்பத்தில் ‘தன் மகிழ்ச்சிக்காகச் செலவிட்ட நிமிஷங்கள்’ என்று ஒரு கட்டம். நேற்று வரைக்கும் கூட்டி 1690 என்று போட்டிருந்தாள். அதை அடித்துவிட்டு 0 என்று எழுதினாள். அவர் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

“எப்போ குடுக்கணும்?”

“நாளைக்கு, மாமா.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி 5:25.

“இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு. பேனாவும் கையிலயே இருக்கு. ஓடு. நான் உக்காந்திருக்கேன்.”