பதில் வராத விமானம்

பினாங்கில் ஒரு சிறிய விமானத் திடல். இடியும் மழையுமாக இருந்தது. ரேடியோ ஆப்பரேட்டர் பக்கிரிசாமிக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுவிட்டது. மேலே வட்டமடித்த விமானத்திலிருந்து பதிலே இல்லை.

“அதோட ரேடியோ செத்துப்போச்சு அண்ணே. எண்ணெயும் தீர்ந்துடும்லா,” என்றார் உடன் வேலை செய்த சிக்கந்தர்.

பக்கிரிசாமி சைகை விளக்கோடு மழையில் ஓடினார். ஓடுபாதை காலி என்று பார்த்துக்கொண்டு, பச்சை ஒளியை விமானத்தை நோக்கிப் பிடித்தார். விமானம் இறக்கையை ஆட்டிவிட்டுப் பத்திரமாக இறங்கியது. இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

விமானி அப்துல் ரசாக் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“என் ரேடியோவுல கோலாலம்பூர்கூட கேக்குது. உங்க சத்தம்தான் இல்ல. இடி விழுந்து உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சோன்னு சுத்திச் சுத்திப் பார்த்தேன். பச்சை விளக்கைக் கண்டதும்தான் உயிரே வந்துச்சு அண்ணே.”